ராஜபுஷ்பத்துக்கு நாற்பது பந்து

ஏப்ரல் 19

முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. இப்படிக்கு, கோ. செண்பகவல்லி, பதினோராம் வகுப்புப் பரீட்சையை முடித்தவள் (பரீட்சை என்னை முடித்தது என்று அம்மா சொல்வாள்), கோவில்பட்டி கரிசல் ஸ்டார் பெண்கள் ஹாக்கி அணியின் இரண்டாவது கீப்பர்.

டிசம்பர் வரைக்கும் முதல் கீப்பர். மூன்று வருஷம் அந்தக் கோல் போஸ்ட்டுக்கு நான்தான் கதவு. ஜனவரியில் ராஜபுஷ்பம் வந்து சேர்ந்தாள். பெயரைப் பாருங்கள்! அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற பெயர். எட்டயபுரம் பக்கத்துக் கிராமம், அவள் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. என்னைவிட அரையடி உயரம். கால்கள் கொக்குக்குச் செய்து வைத்து, மிச்சமானதை இவளுக்கு மாட்டிவிட்ட மாதிரி. ஆனால் அந்தக் கால் பந்து வருகிற இடத்துக்குப் பந்துக்கு முன்னால் போய் நிற்கிறது. அவள் தடுத்தால் ‘என்ன சேவ்டா!’ என்கிறார்கள். நான் தடுத்தால் சாத்தூர் சேவு, மென்றுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கிளப்பில் கீப்பர் கிட் ஒன்றுதான். காலுக்குப் பேடு, பாதத்துக்குக் கிக்கர், நெஞ்சுக் கவசம், ஹெல்மெட், கையுறை. அதை மாட்டுகிறவள் கீப்பர். மற்றவள் வெளியே நின்று, மேட்ச்சுக்கு முன்னால் அவளுக்கு நாற்பது பந்து அடிக்க வேண்டும். பத்து தரையோடு, பத்து நெஞ்சுக்கு, பத்து ஓரத்துக்கு, பத்து மூஞ்சிக்கு முன்னால் நின்று. கீப்பருக்குக் கண்ணும் காலும் சூடேற வேண்டுமாம். இது மேனேஜர் வைத்த சட்டம்.

மேனேஜர் யார் என்றால் என் அப்பா. வீட்டில் அப்பா, கிரவுண்டில் சார். போன வாரம் வாய் குழறி சாப்பாட்டில் உட்கார்ந்து “சார், சட்னி” என்று கேட்டுவிட்டேன். அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஏப்ரல் 22

ராஜபுஷ்பத்தின் தண்ணீர் பாட்டிலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு மிளகு ரசம் ஊற்றி வைத்தேன். பிராக்டிஸ் பாதியில் வந்து மடமடவென்று முழுதும் குடித்தாள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறோம். அவள் மூடியை மூடிவிட்டு, “உப்பு கொஞ்சம் கம்மிட்டி” என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தது என்னைப் பார்த்து.

ஏப்ரல் 25

காலையில் துணி காயப்போட்டேன். மாவு அரைத்து வாங்கி வந்தேன். மத்தியானம் அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன்.

மே முதல் வாரம் நம்மூரில் பெண்கள் ஜூனியர் போட்டி. அதற்கு விழா மலர் போடுகிறார்களாம், ஒவ்வொரு டீம் மேனேஜரைப் பற்றியும் அரைப் பக்கம் வேண்டுமாம். “உன் மக நல்லா எழுதுவாளே நாயகம்” என்று யாரோ சொல்ல, என் தலையில் விழுந்தது. தெரிந்ததை எழுதினேன். பெயர் கோமதிநாயகம். பத்தொன்பது வயதில் சென்னையில் ஓர் ஆபீஸ் டீமில் கீப்பராக எடுத்தார்கள். ஆபீஸ் டீம் என்றால், ஹாக்கி ஆடுவதற்காகவே வேலை கொடுப்பார்கள். மேஜை இருக்கும், ஃபைல் இருக்காது. ஜலந்தர், போபால், மும்பை என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். முப்பது வயதில் ஆட்டத்தை விட்டு மேனேஜர் ஆனார். மேனேஜர் என்றால் விசில், பேனா, ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ் பிடிப்பது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, செயற்கைப் புல் டர்ஃபில் தண்ணீர் அடிக்கவில்லை என்று சண்டை போடுவது, மூன்றாவது நாள் யாருக்காவது வயிற்றுவலி என்றால் மெடிக்கலுக்கு ஓடுவது.

“எத்தனை மேட்ச்ப்பா ஆடியிருக்கீங்க?”

“நிறைய.”

“நிறையன்னா நூறா, இருநூறா?”

“பதினோரு வருஷம்னு எழுது. அது போதும்.”

சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்தேன். கோட்டுப் போட்டு, கடைசி வரிசையில், ஓரத்தில் நிற்கிறார். கீப்பர் ஏன் ஓரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். “வெயில்” என்றார்.

இருநூறு என்று போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 27

ராஜபுஷ்பத்துக்குப் பிறந்தநாள். சார் கேக் வாங்கி வந்தார். என் பிறந்தநாளுக்கு அப்பா வாங்கி வந்தது வாழைக்காய் பஜ்ஜி.

ஏப்ரல் 30

போட்டிக்கு ஸ்டேட் செலக்டர் வருகிறாராம். முடிந்ததும் ஸ்டேட் கேம்ப்புக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு கீப்பர். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும். இதில் பொறாமைக்கு இடமே இல்லை, இது லட்சியம்.

பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் ஷூ கழற்றிய பிறகும் அப்பா அவளை நிறுத்தி வைத்து, பெனால்டி கார்னருக்கு எப்படிப் பாய வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கிறது என்று மாடிப்படி ஏறாத மனுஷன், டர்ஃபில் விழுந்து காட்டுகிறார். நான் வண்டி பக்கத்தில் நின்றேன். ஹாரனை அடித்தேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் அடித்தேன். ராஜபுஷ்பம்தான் திரும்பிப் பார்த்து, “சார், செண்பா நிக்கா” என்றாள்.

எனக்காகப் பரிந்து பேச இவள் யார்?

மே 3

செமிஃபைனல். நாங்கள் ஜெயித்தோம், 3-2. எதிரே சேலம்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வார்ம்-அப்பில் நாற்பது பந்து அடித்தேன். எண்ணி நாற்பது. வலது மணிக்கட்டு கொஞ்சம் வலித்ததால் சாதாரண வேகத்தில்தான் அடிக்க முடிந்தது. ஓரத்துக்கு அடிக்க வேண்டியது நடுவில் போனது. மணிக்கட்டு வலி அப்படித்தான் இருக்கும். ராஜபுஷ்பம் எல்லாவற்றையும் தடுத்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

மேட்ச் ஆரம்பித்து நாலாவது நிமிஷம் சேலத்துக்காரி ஒருத்தி ஓரத்துக்கு ஒன்று வைத்தாள். ராஜபுஷ்பத்தின் கால் ஒரு நொடி தாமதம். கோல். பதினோராவது நிமிஷம் இன்னொன்று. முதல் குவார்ட்டர் முடிந்த இரண்டு நிமிஷ இடைவேளையில் அப்பா, “செண்பா, கிட்டை மாட்டு” என்றார்.

இரண்டு நிமிஷத்தில் ஒருத்தி மேலிருந்து கழற்றி இன்னொருத்தி மேல் மாட்டுவது எப்படியிருக்கும் தெரியுமா? ஆறு பேர் சேர்ந்து மாட்டுக்கு லாடம் அடிப்பது மாதிரி. ஹெல்மெட்டுக்குள் அவள் வியர்வை, பேடில் அவள் சூடு. அவளே என் முதுகுப் பட்டையை இறுக்கிவிட்டாள். “வலது பக்கம் அந்த ஏழாம் நம்பரைப் பாத்துக்கோ, குனிஞ்சா மட்டையைத் திருப்பி ரிவர்ஸ்ல அடிப்பா” என்றாள்.

ஏழாம் நம்பர் குனிந்தாள். ரிவர்ஸில் அடித்தாள். தடுத்தேன். மொத்தம் ஐந்து தடுத்தேன். ஒன்றுகூட விடவில்லை. நம் ஆட்கள் மூன்று போட்டார்கள். செலக்டர் ஏதோ குறித்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது அப்பா கேட்டார், “ஏன்ட்டி வார்ம்-அப்ல பந்து அவ்வளவு மெதுவாப் போச்சு?”

“கை வலிப்பா.”

“எந்தக் கை?”

“வலது.”

“ம்” என்றார். தைலம் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். நன்றாக எரிந்தது.

மே 4

இன்று ஓய்வு நாள். காலையில் கிட்டை வெயிலில் காயவைத்தேன். தெருநாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது.

சாயங்காலம் தேவசகாயம் சார் வீட்டுக்கு வந்தார். போட்டிக்கு அதிகாரியாக வந்திருக்கிறார், நாகர்கோவில்காரர், அப்பாவோடு அதே ஆபீஸ் டீமில் இருந்தவராம். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது துண்டில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“உங்க அப்பா எனக்குப் பந்து அடிச்ச மாதிரி ஒருத்தனும் அடிச்சதில்ல பிள்ளே. பதினோரு வருஷம். மேட்ச்ல வாறதெல்லாம் அதுக்கப்புறம் பஞ்சு மாதிரி இருக்கும்.”

“அப்பா எதுக்கு உங்களுக்குப் பந்து அடிக்கணும்? அப்பா கீப்பர்லா?”

“ரெண்டாவது கீப்பர். நான் முதல்.”

அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குக் கரண்டியில் ஏதோ அவசர வேலை இருந்தது.

“அப்ப அப்பா ஆடின மேட்ச்?”

தேவசகாயம் சார் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டார். அப்பாதான் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்: “நாலு.” முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “மூணரை. ஒண்ணு மழையில நின்னுபோச்சு.”

இருநூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேனே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியது: பதினோரு வருஷம் கிட் மாட்டாமல் ஜலந்தர் குளிரில் நின்றிருக்கிறார். நான் நாலு மாதத்துக்கே ரசம் ஊற்றிவிட்டேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தேவசகாயம் சார் என் தலையில் கை வைத்தார். “நேத்து மேட்ச் பாத்தேன் பிள்ளே. நல்லாத் தடுத்த.” இறங்கிப் போனவர் திரும்பி, “வார்ம்-அப்பும் பாத்தேன்” என்றார்.

என் பங்கு மீனைத் தெருநாய்க்குப் போட்டேன்.

மே 5

ஃபைனல். எதிரே மதுரை. நடந்தது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு அப்பா வண்டியில் கிளம்பினோம். கிரவுண்டுக்குப் போகாமல் டீக்கடையில் நிறுத்தினார். எனக்குப் பால், அவருக்கு டீ.

“இடது கை எப்படியிருக்கு?” என்றார்.

“இப்ப வலி இல்லப்பா” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது. ஊரையே ஏமாற்றுகிற நான், ஒரு கையில் மாட்டிக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“ஜலந்தர்ல ஒரு ஃபைனல். பதினோராவது வருஷம். அன்னைக்கு நானும் மெதுவா அடிச்சேன்.”

“நீங்களா?”

“நாப்பதும். கையில வலிகூட இல்ல. தேவா முதல் பத்து நிமிஷத்துல மூணு விட்டான். என்னை இறக்கினாங்க. இவ்வளவு நாள் காத்திருந்தது இதுக்குத்தானேன்னு போய் நின்னேன்.”

“அப்புறம்?”

“நான் நாலு விட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. டீ சிந்தியது.

“அவருக்குத் தெரியுமாப்பா?”

“கீப்பருக்குத் தெரியாமப் போவுமா? திரும்பி வரும்போது டிரெயின்ல ஒரு ஆரஞ்சை உரிச்சு, பாதியை எங்கிட்ட நீட்டினான். ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஊருக்கு வந்த மறுநாளே ஆட்டம் போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். மேனேஜர் வேலை இருக்குன்னாங்க, எடுத்துக்கிட்டேன்.”

வாழைப்பழம் வாங்குகிற மேனேஜர், மேட்ச்சுக்கு மேட்ச் வார்ம்-அப்பை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன்.

“தேவசகாயம் சாரை உங்களுக்குப் பிடிக்குமாப்பா?”

“இப்பவா, அப்பவா?”

“அப்ப.”

“ஆகவே ஆகாது. காலையில அவன் பல்லு விளக்குற சத்தமே ஆகாது. அவன் பேரை மைக்ல சொன்னா எனக்கு வயிறு எரியும்.”

“அப்புறம் எப்படி அவ்வளவு நல்லா அடிச்சீங்க?”

“அதனாலதான்ட்டி. எதிர் டீம்காரனுக்கு ஒரு கோல் வேணும், அவ்வளவுதான். எனக்கு அவன் நிக்கிற இடமே வேணும். என்னை மாதிரி அவனுக்கு எவன் அடிப்பான்? அவ்வளவு ஆத்திரத்தையும் பந்துல வச்சு அனுப்புவேன். அவன் தடுப்பான். மறுபடி வச்சு அனுப்புவேன். அந்த ஒரு நாள்தான் ஆத்திரத்தைப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து டீம் பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தார். பதினேழு பெயர் வரிசையாக இருந்தது. முதலில் இறங்குகிற கீப்பர் என்ற இடம் மட்டும் காலி.

“நேத்தைக்கு முந்தின நாள் நல்லாத்தான் ஆடின. உன்னைப் போட்டா ஊர்ல யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. கேக்குற யோக்கியதை எனக்கும் இல்ல. அப்பாவா கேக்கல. மேனேஜர் கேக்குறேன், ஒரு கீப்பரா பதில் சொல்லு. இன்னைக்கு ஜெயிக்க யாரைப் போடணும்?”

நானும் என்னென்னவோ யோசித்தேன். அவளுக்கு நேற்று முன்தினம் நம்பிக்கை போயிருக்கும் என்று சொல்லலாம். ஃபார்மில் இருப்பவளை மாற்றக் கூடாது என்று சொல்லலாம். அந்த ஒரே ஒரு கேம்ப் இடம் கண் முன்னால் நின்றது, என் பெயர் எழுதி. பாலில் ஆடை கட்டிவிட்டது.

“அவளை” என்றேன்.

“ஏன்?”

“பெனால்டி கார்னர்ல எனக்கு அரை செகண்ட் முன்னாடி அவ கால் வந்துருதுப்பா. மதுரைக்காரிங்க கார்னர்லதான் அடிப்பாங்க.”

அவர் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டவில்லை, அவரே எழுதினார். ராஜபுஷ்பம் என்று முழுதாக எழுத ரொம்ப நேரம் ஆனது. அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. பால் சூடு, கண்ணில் ஆவி.

கிரவுண்டில் அவள் ஏற்கனவே உட்கார்ந்து பேடு கட்டிக்கொண்டிருந்தாள். நீ ஆடுகிறாய் என்று சார் சொன்னதற்கு, “சரி சார்” என்று மட்டும் சொன்னாள். பிறகு கோலுக்குள் போய் நின்று, ஹெல்மெட்டை இறக்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“இன்னைக்கும் மெதுவாவாட்டி?”

தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என் முதுகுப் பட்டையை இறுக்கியிருக்கிறாள், ஏழாம் நம்பரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உயரத்தில் என்னைவிடப் பெரியவள், ஆட்டத்தில் பெரியவள், இதிலுமா?

முதல் பந்தை அடித்தேன். கேக் வாங்கின பந்து. இரண்டாவது, சார் விழுந்து காட்டின பந்து. மூன்றாவது, உப்பு கம்மி. பத்து அடித்ததும் மூச்சு வாங்கியது. அவள் கையுறையைத் தட்டி, “வா” என்றாள். ஓரத்துக்கு அடித்தேன், எட்டித் தடுத்தாள். அதே ஓரத்துக்கு இன்னும் வேகமாக, தடுத்தாள். கிட்டே போய் அவள் முட்டிக்குக் குறி வைத்தேன். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மதுரைப் பெண்கள் ஓடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “ஏன்டி, அவுங்க ஒரே டீம்தானே?” என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது.

நாற்பதில் ஒன்பது கோல் போட்டேன். யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். முடிந்தபோது மணிக்கட்டு உண்மையாகவே வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மதுரைக்கு ஏழு பெனால்டி கார்னர். ஏழும் அவள் காலில், அவள் கையில், ஒன்று ஹெல்மெட்டில். கடைசிக் குவார்ட்டரில் நம் ஆள் ஒருத்தி எப்படியோ ஒன்று தட்டிவிட்டாள். 1-0.

எல்லாரும் ராஜபுஷ்பத்தைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. கிட்டோடு சேர்த்து அவள் எடை என்ன என்று எனக்குத்தான் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கிக்கரைக் கழற்றினாள். “அவளுக ஒருத்தியும் உன்னை மாதிரி அடிக்கலட்டி” என்றாள். வாழைப்பழத்தில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, சின்னதை அவளுக்குக் கொடுத்தேன்.

மே 9

லிஸ்ட் வந்தது. ராஜபுஷ்பம்.

மே 12

அவள் சென்னைக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. வயிற்றுவலி. அப்பா எந்த வயிறு என்று கேட்டார்.

மே 15

காலையில் கிட்டை நான்தான் மாட்டினேன். முழுதும் என்னுடையது. ஆனால் எனக்குப் பந்து அடிக்க ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அப்பா நிறுத்தினார். அவள் ஒவ்வொரு பந்துக்கும் “சாரிக்கா, சாரிக்கா” என்று சொல்லிக்கொண்டே அடிக்கிறாள். என் மேல் மரியாதையாம். மரியாதையை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சூடேறுவது?

மே 20

சாயங்காலம் அம்மா போனில் ராஜபுஷ்பம். கேம்ப்பில் பத்து நிமிஷம்தான் பேச விடுவார்களாம். அதில் மூன்று நிமிஷம் அம்மாவிடம் குழம்பு பற்றிப் பேசினாள்.

“எப்படிட்டி இருக்கு?” என்றேன், ரொம்ப அக்கறை இல்லாத குரலில்.

“மூணு கீப்பர். நான் மூணாவது.”

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். வாயைப் பொத்தியும் மூக்கு வழியாக வந்துவிட்டது.

“சிரி, சிரி. கிட்டே குடுக்கலட்டி. வந்ததுல இருந்து முதல் கீப்பருக்குப் பந்து அடிக்கேன். சென்னைக்காரி. சூடே ஆகலைங்கா அவ, எனக்கு அடிக்கவே வரலைன்னு கோச் கத்துறாரு. நீ எப்படிட்டி அடிச்ச?”

“அவளை உனக்குப் பிடிக்குமா?”

பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட குரலில்: “அவ ஷாம்பு வாசனைகூட எனக்கு ஆவல.”

“பாதி வேலை முடிஞ்சுது. இனி அதை மறைக்காத. அவ மூஞ்சியைப் பாக்காத, அவ நிக்கிற இடத்தைப் பாரு. அது உன் இடம். அங்க அடி.”

“தப்பில்லையாட்டி?”

“மெதுவா அடிச்சாத்தான் தப்பு” என்றேன்.

போனை வைத்த பிறகு மாடிக்குப் போய்த் துணி எடுத்து மடித்தேன். பாதி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ராஜபுஷ்பம் ஒரு மேட்ச்சுக்கு முன்னால்கூட எனக்குப் பந்து அடித்ததில்லை. நாளைக் காலையில் எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆத்திரம் முழுவதையும் வைத்து அவள் அடிக்கப்போகிற நாற்பது பந்தும் யாரோ ஒரு ஷாம்புக்காரிக்கு.

அந்தச் சென்னைக்காரியின் பெயரை நாளைக்குக் கேட்க வேண்டும்.